காருக்கா, ஓட்டுநருக்கா காப்பீடு?

இந்தியாவில் ஒரு காருக்கான காப்பீட்டுக் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது அதன் எஞ்சின் திறன் பார்க்கப்படுகிறது. சந்தை மதிப்பு பார்க்கப்படுகிறது. எத்தனை ஆண்டு பழையது, எந்த ஊரில் பதிவு செய்யப்பட்டது என்பனவும் பார்க்கப்படுகின்றன. ஆனால், அந்தக் காரை ஓட்டப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதும், அது எத்தகைய சாலையில் ஓடப்போகிறது என்பதும் பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை. விபத்தைத் தீர்மானிக்கும் இரு பெரும் காரணங்கள் கட்டணக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

கடந்த மாதம் ஓட்டுநர் உரிமம் பெற்ற பத்தொன்பது வயது இளைஞரும், இருபது ஆண்டுகளாக ஒரு விபத்தும் இன்றிக் கார் ஓட்டிவருபவரும் ஒரே ரகக் காரை ஒரே நாளில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இருவரும் செலுத்த வேண்டிய தொகையில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இருக்காது. இது சமத்துவம்போலத் தோன்றும். உண்மையில், கவனமாக ஓட்டுபவரின் பணத்தில் கவனமற்றவருக்கு மானியம் வழங்கும் ஏற்பாடு இது.

இந்த நிலை மாற வேண்டும் என்ற குரல் தலைநகர் தில்லியில் சில ஆண்டுகளாகவே ஒலித்துவருகிறது. மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், எதை அளவுகோலாகக் கொண்டு மாற்றப்போகிறோம் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன. புதிய ஓட்டுநரின் நடத்தைக்கு ஏற்பக் கட்டணம் வசூலிப்பது ஒன்று. அவர் வசிக்கும் ஊரின் சாலை மோசமாக இருப்பதற்காக அவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பது முற்றிலும் வேறொன்று.

இப்போதைய முறை எப்படிச் செயல்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வாகனக் காப்பீட்டில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, நமது வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கு இழப்பீடு வழங்கும் மூன்றாம் நபர் காப்பீடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் எந்த வாகனமும் சாலையில் ஓடக்கூடாது. மற்றொன்று, நமது வாகனத்துக்கே ஏற்படும் சேதத்தையும் திருட்டையும் ஈடுசெய்யும் சொந்தச் சேதக் காப்பீடு. இது உரிமையாளரின் விருப்பத்தைப் பொருத்தது.

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுவனங்கள் தாமாக நிர்ணயிக்க முடியாது. மத்திய அரசு அறிவிக்கும் தொகையே நாடு முழுவதற்கும் பொருந்தும். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, 1,500 சி.சி. வரையிலான காருக்கு ரூ. 3,416, அதற்கும் மேற்பட்ட காருக்கு ரூ. 7,897 என நிர்ணயிக்கப்பட்டது. எஞ்சின் பெரிதானால் கட்டணம் உயரும். ஓட்டுபவரின் வயதோ அனுபவமோ பழைய குற்றங்களோ அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. காஷ்மீரின் பனிச்சாலைக்கும் சென்னை அண்ணா சாலைக்கும் ஒரே கட்டணம்தான்.

சொந்தச் சேதக் காப்பீட்டில் மட்டும் ஊர் என்பது ஓரளவு கணக்கில் வருகிறது. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண அட்டவணை, தனியார் கார்களுக்காக நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்தது. ஆமதாபாத், பெங்களூரு, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புது தில்லி, புணே ஆகிய எட்டு நகரங்கள் 'ஏ' மண்டலம். எஞ்சிய இந்தியா முழுவதும் 'பி' மண்டலம். ஐந்தாண்டுக்கு மேற்படாத, 1,000 சி.சி.க்கு உள்பட்ட காருக்கு அதன் மதிப்பில் 'ஏ' மண்டலத்தில் 3.127 சதவீதம், 'பி' மண்டலத்தில் 3.039 சதவீதம் என்று அந்த அட்டவணை விதித்தது. ரூ. 5 லட்சம் மதிப்புள்ள காருக்கு இந்த வித்தியாசம் ஆண்டுக்கு ரூ. 440 மட்டுமே.

2007 ஜனவரி முதல் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கான கட்டணக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. நிறுவனங்கள் தத்தம் அனுபவத்துக்கு ஏற்ப விலை நிர்ணயித்துக்கொள்ளலாம் என்றாயிற்று. போட்டியின் காரணமாகத் தள்ளுபடிகள் பெருகின. ஆயினும், வாகனம் பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தைக் கொண்டு ஊரின் அபாயத்தை ஊகிக்கும் பழக்கம் நீடிக்கிறது.

பதிவு அலுவலகம் என்பது சாலையின் உண்மை நிலையைக் காட்டும் கண்ணாடி ஆகுமா? தில்லியைச் சுற்றியுள்ள பகுதிகளே இதற்கு விடை சொல்லும். நொய்டா உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. குருகிராம் ஹரியாணாவில் இருக்கிறது. இரண்டுமே 2002-ஆம் ஆண்டின் எட்டு நகரப் பட்டியலில் இல்லை. ஆனால், அங்கு பதிவான கார்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தில்லிக்குள் வந்து, அதே நெரிசலில் ஊர்ந்து, அதே மூடுபனியில் தடுமாறித் திரும்புகின்றன. தில்லி எண் கொண்ட காரோ வாரம் ஒருமுறை மட்டும் வீட்டு வாசலைவிட்டு வெளியேறலாம். பதிவு எண்ணை வைத்து அபாயத்தை அளப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஓடும் சாலை காப்பீட்டுச் செலவை எப்படிப் பாதிக்கிறது என்பதை வெள்ளங்கள் நன்றாகவே உணர்த்தின. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, தில்லியின் முக்கியச் சாலைகளுக்குள் நதி புகுந்தது. இத்தகைய நாள்களில் நீரில் நின்ற காரை இயக்கிப் பார்ப்பதே எஞ்சினைப் பாழாக்கிவிடும். அப்படிப் பழுதாகும் எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. அதற்கெனத் தனியாகப் பணம் செலுத்தி 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழைநீர் வடிகாலைத் தூர்வாராத மாநகராட்சியின் தவறுக்கு, கார் உரிமையாளர் ஆண்டுதோறும் தண்டம் கட்டுகிறார் என்பதே இதன் பொருள். அனுபவமுள்ளவர் நீர் தேங்கிய சுரங்கப்பாதையைக் கண்டதும் திரும்பிவிடுவார். அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு புதிய ஓட்டுநருக்கே அதிகம்.

புதிய ஓட்டுநர் என்று ஒருவரை இனம் காண நமது காப்பீட்டு முறையில் இருக்கும் ஒரே வழி, 'இழப்பீடு கோராமைக்கான சலுகை' மட்டுமே. ஓராண்டு இழப்பீடு கோராதிருந்தால் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 சதவீதம், அடுத்தடுத்த ஆண்டுகளில் 25, 35, 45 சதவீதம், ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதம் என இச்சலுகை வளர்கிறது. முதல்முறை கார் வாங்குபவருக்கு இது பூஜ்யத்தில் தொடங்குவதால், அவர் கூடுதலாகச் செலுத்துவதாகவே தோன்றும்.

ஆனால், இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இச்சலுகை உரிமையாளருக்கு உரியதே தவிர, ஓட்டுபவருக்கு உரியதன்று. ஐம்பது சதவீதச் சலுகை பெற்ற தந்தையின் காரை நேற்று உரிமம் வாங்கிய மகன் ஓட்டலாம், கட்டணம் மாறாது. உரிய உரிமம் வைத்திருக்கும் எவர் ஓட்டினாலும் பாலிசி செல்லும். பழகுநர் உரிமம் உள்ளவரும், விதிப்படி உரிமம் பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்திருந்தால், ஓட்டலாம். அதோடு, பலர் பழகுவது விலை குறைந்த பழைய காரில். காரின் மதிப்பு குறையக் குறையச் சொந்தச் சேதக் கட்டணமும் குறைகிறது. அபாயம் மிகுந்த கைகளில் இருக்கும் வாகனத்துக்கு மிகக் குறைந்த பிரீமியம் என்ற விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

2002 அட்டவணையில் இருந்த சலுகைகளைப் பார்த்தால் நமது முன்னுரிமைகள் புலப்படும். அங்கீகரிக்கப்பட்ட மோட்டார் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் 5 சதவீதத் தள்ளுபடி, உச்சவரம்பு ரூ. 200. திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் 2.5 சதவீதம், உச்சவரம்பு ரூ. 500. முறையாக ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவருக்கு அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. சங்கத்தில் சந்தா கட்டியவரை மதித்த அட்டவணை, சாலையில் கவனமாக ஓட்டப் பயின்றவரை மதிக்கவில்லை.

மாற்றத்துக்கான முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. போக்குவரத்து விதிமீறல்களைக் காப்பீட்டுக் கட்டணத்துடன் இணைக்க முடியுமா என்று ஆராய்வதே அதன் பணி. 2021 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்ற புதிய பிரிவைச் சேர்க்கவும், தில்லியில் அதனைச் சோதித்துப் பார்க்கவும் பரிந்துரைத்தது. குடிபோதையில் ஓட்டினால் 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளிகள் எனக் குற்றங்களைத் தரம் பிரித்தது. 2022 ஜூலையில், எவ்வளவு தூரம் ஓட்டுகிறார், எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பொருத்துச் சொந்தச் சேதக் கட்டணத்தை மாற்றியமைக்கும் கூடுதல் பிரிவுகளுக்கு ஆணையம் அனுமதி அளித்தது. 2024-இல் தில்லி துணைநிலை ஆளுநர் வி.கே. சக்சேனா, விதிமீறல் அபராதங்களைக் காப்பீட்டுக் கட்டணத்துடன் இணைக்குமாறு மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

நோக்கம் நன்று, வழியில்தான் பள்ளம் இருக்கிறது. பணிக்குழுவின் பரிந்துரைப்படி விதிமீறல் பிரீமியத்தைச் செலுத்த வேண்டியவர் வாகனத்தின் உரிமையாளர். கண்காணிப்புக் கேமராவின் கண்ணில் படுவதும் பதிவு எண்தான், ஓட்டுநரின் முகம் அன்று. வேகமாகச் சென்றது மகனா, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓட்டுநரா, நண்பரா என்பது அதற்குத் தெரியாது. அத்துடன், கேமரா இருக்கும் சாலையில் குற்றம் பதிவாகும்; இல்லாத சாலையில் பதிவாகாது. தில்லியின் மையச் சாலைகளில் ஓட்டுபவர் குற்றவாளியாகவும், கேமராவே இல்லாத மாவட்டச் சாலையில் தாறுமாறாக ஓட்டுபவர் உத்தமராகவும் கணக்கில் தெரியக்கூடும்.

காப்பீட்டுத் துறையினர் முன்வைக்கும் வாதம் எளிமையானது. அபாயம் எங்கே அதிகமோ அங்கே கட்டணமும் அதிகமாக இருக்க வேண்டும் என்பதே காப்பீட்டின் அடிப்படை. பிரிட்டனில் ஓட்டுநரின் வயது, அனுபவம் ஆகியவற்றுடன் அவர் வசிக்கும் இடத்தின் அஞ்சல் குறியீடும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. இந்தியா மட்டும் ஏன் விதிவிலக்காக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

விடை எண்களில் இருக்கிறது. 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 2023-இல் உயிரிழப்பு 1.72 லட்சத்தைக் கடந்தது. 2022-இல் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழகம் (64,105) முதலிடம் பெற்றது. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசம் (22,595) முதலிடம் பெற்றது. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் உயிரிழந்தவர்கள் 61,038 பேர். அதாவது, மொத்த உயிரிழப்பில் 36 சதவீதம். ஓட்டுநர்கள் எல்லாச் சாலைகளிலும் அதே ஓட்டுநர்கள்தாம். இவ்வளவு சிறிய நீளத்தில் இவ்வளவு உயிர்கள் பலியாகின்றன என்றால், அங்கு அனுமதிக்கப்படும் வேகம், கிராமங்களை ஊடறுத்துச் செல்லும் வடிவமைப்பு, பாதசாரிகள் கடக்க வழியின்மை ஆகியவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அதே ஆண்டின் உயிரிழப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. இது ஓட்டுநரின் பொறுப்பு. இதற்கு அவரிடம் கூடுதல் கட்டணம் வசூலிப்பதில் தவறில்லை. ஆனால், விளக்கில்லாத வளைவுக்கும், எச்சரிக்கைப் பலகையில்லாத வேகத்தடைக்கும், மூடாத பள்ளத்துக்கும் அவர் எப்படிப் பொறுப்பாவார்? தன்னால் மாற்றக்கூடியதற்கு விலை கொடுப்பது திருத்தம். தன்னால் மாற்ற முடியாததற்கு விலை கொடுப்பது தண்டனை. அஞ்சல் குறியீட்டை வைத்துக் கட்டணம் நிர்ணயித்தால், அரசு கைவிட்ட சாலைகள் உள்ள மாவட்டத்தின் இளைஞர் இருமுறை தண்டிக்கப்படுவார்: முதலில் சாலையால், பிறகு பிரீமியத்தால்.

சாலை அமைத்தவர் என்ன விலை கொடுக்கிறார்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலையை வடிவமைத்தோ அமைத்தோ பராமரித்தோ, அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், அதற்குப் பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ. 1 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு காரால் மூன்றாம் நபர் உயிரிழந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பே இல்லை. ஒரு சாலையால் உயிரிழந்தால் பொறுப்பின் உச்சவரம்பு ஒரு லட்சம். இந்தத் தராசு நேராகாதவரை ஓட்டுநரிடம் மட்டும் கணக்குக் கேட்பது முறையன்று.

நடைமுறை அபாயம் இன்னொன்றும் உண்டு. நாட்டில் ஏறத்தாழப் பாதி வாகனங்கள் காப்பீடின்றி ஓடுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இரு சக்கர வாகனங்கள். இந்த அவலத்தைக் குறைக்கவே, கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், புதிய கார்களுக்கு மூன்றாண்டுகளுக்கும் இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. காப்பீடின்றி ஓட்டினால் முதல்முறை ரூ. 2,000 அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. புதிய ஓட்டுநருக்குக் கட்டணத்தைக் கண்மூடித்தனமாக உயர்த்தினால், அவர் கார் ஓட்டுவதை நிறுத்தமாட்டார். காப்பீடு எடுப்பதைத்தான் நிறுத்துவார். அதன்பின் அவரது கார் மோதி உயிரிழப்பவரின் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? காப்பீட்டுக் கட்டணம் என்பது ஓட்டுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேரம் மட்டுமன்று. சாலையோரம் நடந்துபோகும் மூன்றாம் நபரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கட்டாயமான மூன்றாம் நபர் கட்டணத்தை ஊர் வாரியாகப் பிரிக்கும் எண்ணத்துக்கு இடம் தரக்கூடாது. அது நாடு முழுவதும் ஒரே அளவாக, எளியவருக்கும் எட்டும் அளவாக இருக்க வேண்டும். விதிமீறல் புள்ளிகள் வாகனத்தின் கணக்கில் ஏறாமல் ஓட்டுநர் உரிமத்தின் கணக்கில் ஏற வேண்டும். வாகனப் பதிவுகளும் உரிமப் பதிவுகளும் 'வாஹன்', 'சாரதி' ஆகிய மின்தளங்களில் ஏற்கெனவே உள்ளன. இரண்டையும் இணைத்து, குற்றம் செய்தவரிடமே விலை கேட்பதுதான் நேர்மை.

புதிய ஓட்டுநர் தண்டிக்கப்பட வேண்டியவர் அல்லர், பழக்கப்படுத்தப்பட வேண்டியவர். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. இலகு ரக வாகனத்துக்கு நான்கு வாரங்களுக்குள் 29 மணி நேரப் பயிற்சியை அவை வகுத்துள்ளன. அதனை முழுமையாக முடித்தவருக்குச் சொந்தச் சேதக் கட்டணத்தில் கணிசமான சலுகை அளிக்கலாம். மறுபுறம், பிரிட்டனில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும். அஞ்சல் குறியீட்டைக் கடன் வாங்கத் துடிப்பவர்கள், இந்தக் கண்டிப்பைக் கடன் வாங்கினால் பயன் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது தரவு. இலகு ரக வாகன உரிமம் பெற்றவர்கள் 7,500 கிலோவுக்கு உள்பட்ட சரக்கு வாகனங்களை ஓட்டலாமா என்ற வழக்கில், அதனால் விபத்துகள் பெருகின என்பதற்குப் புள்ளிவிவர ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பரில் சுட்டிக்காட்டியது. புதிய ஓட்டுநர்கள் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு விபத்தின் இடமும் சூழலும் பதிவாகின்றன. எந்தச் சாலையில் எத்தனை இழப்பீடு வழங்கப்பட்டது, அங்கு ஓட்டியவரின் அனுபவம் என்ன, சாலையின் குறை என்ன என்பதைக் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குடன் இணைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அப்போது தெரிந்துவிடும், எங்கே ஓட்டுநர் தவறினார், எங்கே சாலை தவறியது என்று.

அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில், அதிகம் பதில் சொல்ல வேண்டியவர்கள் புதிதாக உரிமம் வாங்கிய இளைஞர்களாக இருக்கமாட்டார்கள். ஆபத்தான வளைவைத் தெரிந்தே விட்டுவைத்தவர்களாக இருக்கக்கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் கட்டணச் சீட்டை முதலில் அவர்களிடம் நீட்டட்டும். ஓட்டுநரின் தவறுக்கு ஓட்டுநர் விலை கொடுக்கட்டும்; சாலையின் தவறுக்குச் சாலை அமைத்தவர் விலை கொடுக்கட்டும்.